சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 15,349 கி.மீ.யா, 16,600 கி.மீ.யா? எத்தனை மணி நேரம்?

உட்லண்ட்ஸ்வாசி

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்கு நவம்பரில் குழந்தை பிறக்கப் போகிறது. நியூயார்க்கில் குயின்ஸ் பக்கம் இருக்கிறாள். பிரசவத்துக்குத் துணையாக அம்மா அக்டோபர் கடைசியில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறார். வயது 68. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. சென்னையைத் தவிர வேறு எங்கும் விமானத்தில் போனதில்லை.

டிக்கெட் போடுவதற்கு முன் தூரம், நேரம் எல்லாம் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தலை சுற்றுகிறது. ஓர் இடத்தில் 15,349 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். விமானம் பறந்த பாதையைக் காட்டும் தளத்தில் பார்த்தால் ஒரு நாள் 16,600 காட்டுகிறது, மறுநாள் வேறு எண். நேரமும் அப்படித்தான். தூரத்தைப் போட்டால் நேரம் சொல்லும் தளம் 17 மணி என்கிறது. டிக்கெட்டில் 18 மணி 50 நிமிடம். வேலையிடத்து நண்பர் ஒருவர் "பதினேழரை மணியில் இறக்கிவிட்டார்கள்" என்கிறார். எதை நம்புவது?

இன்னொரு கேள்வி: நேராகப் போவது நல்லதா, பிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறுவது நல்லதா?

தேக்காக்காரன்

எல்லாமே சரிதான் தம்பி. 15,349 பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். 16,600 அன்றைக்கு விமானம் உண்மையில் பறந்த தூரம். 17 மணி, வேகத்தால் வகுத்த கணக்கு. 18:50 என்பது பயணிகள் ஏறும் கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்த ஊர் கேட்டில் நிற்கும் வரை. பதினேழரை உங்கள் நண்பரின் அதிர்ஷ்டம்.

அம்மாவுக்கு பிராங்ஃபர்ட் வழியே போடுங்கள். 18 மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார வைப்பது பாவம்.

குயின்ஸ்_அக்கா

நானும் குயின்ஸ்வாசிதான், உங்கள் அக்கா இல்லை. தேக்காக்காரன் சொல்வதன் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. விவரமாகப் பிறகு எழுதுகிறேன், இப்போது இங்கே காலை, வேலைக்குக் கிளம்புகிறேன்.

கணக்கு_வாத்தியார்

15,349 எங்கிருந்து வந்தது என்பதைப் பென்சில் வைத்தே போட்டுப் பார்க்கலாம். இந்த இரண்டு ஊருக்கு மட்டும் கணக்கு அதிசயமாக எளிது.

சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் (டிகிரி) இருக்கிறது. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் மேற்கே ஏறத்தாழ 74. கூட்டினால் 178. பூமியின் ஒரு பக்கத்துக்கு நேர் மறுபக்கம் 180 என்பதால், இரண்டு ஊரும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கின்றன. அப்படி இருந்தால் மிகக் குறுகிய வழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்குவதுதான்.

சாங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. நியூயார்க் 40.6 பாகையில் இருக்கிறது, துருவத்திலிருந்து அதற்கு 49.4. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் 15,346. தளம் சொன்னதற்கும் இதற்கும் 3 கி.மீ.தான் வித்தியாசம்.

சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால், அது ஏமன், சஹாரா, அட்லாண்டிக் என்று போகும். பார்க்க அதுதான் நேர்வழி மாதிரி இருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் ஏறத்தாழ 18,500 கி.மீ. ஆகும்! வட துருவம் அந்த மாதிரிப் படங்களில் காகிதத்துக்குள்ளேயே அடங்காது, அதனால் அந்த வழி நம் கண்ணுக்குத் தோன்றுவதே இல்லை.

பம்பரம்

எல்லாரும் பெரிய பெரிய கணக்காகப் போடுகிறீர்கள், பூமி சுற்றுவதை மட்டும் விட்டுவிட்டீர்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. விமானம் மேற்கே போனால் ஊர் எதிரே வரும், சீக்கிரம் சேரலாம். கிழக்கே போனால் ஊர் விலகி ஓடும், நேரமாகும். நேரம் மாறுவதற்கு இதுதான் காரணம்.

கணக்கு_வாத்தியார்

பம்பரம் சார், நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. விமானத்தின் வேகம் 900. நீங்கள் சொல்கிறபடி இருந்தால் சாங்கியிலிருந்து கிழக்கே கிளம்பிய விமானம் சாங்கியையே திரும்பப் பிடிக்க முடியாது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றில் பறக்கிறது. ரயிலுக்குள் நடக்கிறவன் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும்.

நடைமுறையில் நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. கிழக்கே போகிற விமானம்தான் பெரும்பாலும் சீக்கிரம் சேர்கிறது.

பம்பரம்

அது எப்படி? அதற்குக் காரணம் சொல்லுங்கள்.

இரவுப்பணி

நான் சொல்கிறேன். ஒரு விமான நிறுவனத்தில் பாதைத் திட்டம் போடும் மேசையில் சில காலம் வேலை பார்த்தவன். எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம்.

விமானத்தை எந்த வழியாக அனுப்புவது என்பதை ஒவ்வொரு நாளும், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் முடிவு செய்கிறோம். தூரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. காற்றைப் பார்த்துத்தான். 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு மாதிரி காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்போம். ஜப்பானுக்கு மேலும் அதற்குக் கிழக்கே வட பசிபிக்கிலும் அது மிகவும் பலமானது, குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும் நாள்களும் உண்டு.

இப்போது வாத்தியார் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துருவ வழி 15,350 கி.மீ., வேகம் 900. 17 மணி 3 நிமிடம். இந்தக் கணக்கில் காற்றே இல்லை. பசிபிக் வழி 16,600 கி.மீ. வழி முழுக்கச் சராசரியாக 80 கி.மீ. பின்காற்று கிடைக்கிறது என்று வையுங்கள். தரைவேகம் 980. 16 மணி 56 நிமிடம். 1,250 கி.மீ. கூடுதலாகப் பறந்தும் முன்னால் போய்ச் சேர்கிறது, எரிபொருளும் மிச்சம். இதனால்தான் சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் பெரும்பாலான நாள்களில் பிலிப்பீன்ஸ், ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாக இறங்குகிறது.

திரும்பி வரும்போது அதே பசிபிக் வழியில் வந்தால் அந்த 80 எதிர்காற்றாகிவிடும். 820 வேகத்தில் 20 மணி 15 நிமிடம். யார் வருவார்கள்? எனவே பல நாள்களில் நியூயார்க்கிலிருந்து கிழக்கே கிளம்பி, அட்லாண்டிக், ஐரோப்பா என்று வந்து இந்தியாவைத் தொட்டுக்கொண்டு சிங்கப்பூர் சேர்கிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. 2022-க்கு முன், காற்று சாதகமாக இருந்த நாள்களில் துருவத்தை ஒட்டியும் வந்ததுண்டு.

பம்பரத்துக்கு: அந்த ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம். வெப்பப் பகுதியிலிருந்து துருவம் நோக்கிப் போகும் காற்றைச் சுழற்சி கிழக்கே வளைத்துவிடுகிறது.

பம்பரம்

ஆக, அடிப்படையில் பூமி சுற்றுவதுதான் காரணம். அதைத்தானே நானும் சொன்னேன்.

தேக்காக்காரன்

😄 விடமாட்டார்.

அப்போ ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்த கணக்கா?

இரவுப்பணி

போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக் என்று அமைந்தால் ஆமாம். சான்றிதழ்தான் கொடுக்க மாட்டார்கள்.

உட்லண்ட்ஸ்வாசி

அருமை, நன்றி. ஆனால் டிக்கெட்டில் ஏன் 18:50 போட்டிருக்கிறார்கள்? 17 மணியில் போகும் என்றால் 17:30 போடலாமே.

இரவுப்பணி

கேட்டிலிருந்து பின்னால் தள்ளி, ஓடுதளம் வரை உருண்டு போய், வரிசையில் நின்று மேலே ஏறுவதற்கு 20, 30 நிமிடம் போகும். ஜே.எஃப்.கே.யில் இறங்கிய பிறகு கேட் வரை போவது தனிக் கதை. அது போக, கால அட்டவணை அந்தப் பருவம் முழுவதுக்கும் போடப்படுகிறது. காற்று கைகொடுக்காத நாளிலும் பெரும்பாலும் நேரத்துக்குச் சேர வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே போடுவார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கு யாரும் புகார் எழுதுவதில்லை அல்லவா?

இன்னொரு விஷயம், மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மேற்கத்திய நிறுவனங்களுக்கு ரஷ்யா வழி அடைபட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்தது. வாத்தியார் போட்ட துருவ வழி ரஷ்யாவின் நடுவே ஏறுகிற வழி என்பதைக் கவனியுங்கள். பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் ஹெல்சிங்கி – டோக்கியோ விமானம் ஏறத்தாழ ஒன்பதரை மணியிலிருந்து 13 மணியாக நீண்டது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

நெல்லைச்சீமை

இழைக்கு நடுவே புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் இருக்கிறேன். நியூயார்க் போக வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் வந்து இந்த நேரடி விமானத்தைப் பிடித்தால் ஒரே ஒரு மாற்றத்தில் போய்விடலாம் போலிருக்கிறதே? உலகின் மிக நீளமான நேரடி விமானப் பயணம் போன பெருமையும் கிடைக்கும்.

கணக்கு_வாத்தியார்

பெருமை கிடைக்கும், இடுப்பு போய்விடும். சென்னை – நியூயார்க் குறுகிய தூரம் ஏறத்தாழ 13,480 கி.மீ. துபாய் வழியே போனால் முதலில் 2,930, அப்புறம் 11,020, மொத்தம் 13,950. குறுகிய வழியைவிட 500 கி.மீ. கூட அதிகமில்லை. சிங்கப்பூர் வழியே போனால் 2,900 கி.மீ. தப்பான திசையில் வந்து, அங்கிருந்து 15,349. மொத்தம் 18,250. எப்படிப் பார்த்தாலும் துபாய் வழியைவிட 4,300 கி.மீ. அதிகம். அதாவது ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பறப்பு வீண்.

ஆனால் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன், உட்லண்ட்ஸ்வாசியின் இரண்டாவது கேள்விக்கு இது உதவும். பிராங்ஃபர்ட் வழியே போனால் 10,300, பிறகு 6,200, மொத்தம் 16,500. டோக்கியோ வழியே ஏறத்தாழ 16,200. துபாய் வழியே 16,860. மூன்றும் மூன்று திசை, ஆனாலும் நேர்வழியைவிட எதுவும் பெரிதாக நீளவில்லை. இது தற்செயல் இல்லை. பூமியில் ஓர் இடத்துக்கு நேர் எதிர்ப்புள்ளி எந்தத் திசையில் போனாலும் ஒரே தூரம்தான், ஏறத்தாழ 20,000 கி.மீ. இரண்டு ஊர்கள் அந்த நிலையை நெருங்க நெருங்க, எந்தப் பக்கமாகப் போகிறோம் என்பதற்கு முக்கியத்துவம் குறைந்துகொண்டே போகும். சென்னையிலிருந்து அந்தச் சலுகை இல்லை.

ஆகவே சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் தூரத்தை வைத்து டிக்கெட் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். இடையில் எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

நெல்லைச்சீமை

புரிந்தது சார், துபாயோ தோஹாவோ பார்க்கிறேன். ஒரு சந்தேகம். இவ்வளவு தூரம் இரண்டு இன்ஜின் விமானத்தில் கடலுக்கு மேலே போகும்போது ஏதாவது ஆனால்?

இரவுப்பணி

ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றதை வைத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் பாதை போட வேண்டும், அது சட்டம். இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 வகைக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 370 நிமிடம் வரை அனுமதி கொடுத்திருக்கிறது. வட பசிபிக்கில் ஜப்பான், அலாஸ்கா, நடுவே சில தீவுகள் இருப்பதால் அவ்வளவு தேவையே படாது.

அபாயத்தைவிட அசௌகரியம்தான் நிஜமான பிரச்சினை. 2023 ஜூனில் டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் நகரில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். எல்லாரும் பத்திரம். ஆனால் மாற்று விமானம் வந்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அவ்வளவு பேருக்கு அந்தச் சின்ன ஊரில் ஹோட்டல் அறை கிடைக்காமல் பலரைப் பள்ளிக்கூடம் மாதிரியான இடங்களில் தங்க வைத்தார்கள். மருந்தைக் கைப்பையில் வைத்திருக்கச் சொல்வது இதற்குத்தான்.

உட்லண்ட்ஸ்வாசி

குறித்துக்கொண்டேன். ஆமாம், நேரடி விமானத்தில் எகானமி இருக்கையே காட்டவில்லை. விற்றுவிட்டதா?

தேக்காக்காரன்

விற்கவில்லை, இல்லவே இல்லை. அந்த விமானத்தில் 161 இருக்கைதான். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. அம்மாவுக்குப் பிரீமியம் எகானமிதான் போட வேண்டியிருக்கும். காசு கூடுதல். அதனால்தான் பிராங்ஃபர்ட் என்றேன், அதில் எகானமி உண்டு.

இரவுப்பணி

ஏன் இல்லை என்பதும் சுவாரசியமானது. அது ஏ350-900 வகையின் நெடுந்தூரப் பதிப்பு. சாதாரண விமானத்தைவிட 24,000 லிட்டர் கூடுதலாக, மொத்தம் 165,000 லிட்டர் எரிபொருள் ஏற்றலாம். இதற்காகக் கூடுதல் டாங்க் எதுவும் வைக்கவில்லை, இருக்கிற டாங்குகளின் அமைப்பை மாற்றியே இடம் உண்டாக்கினார்கள். 165,000 லிட்டர் என்றால் ஏறத்தாழ 130 டன். புறப்படும்போது விமானத்தின் மொத்த எடை அதிகபட்சம் 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்!

முதல் சில மணி நேரம் அந்த விமானம் எரிக்கும் எரிபொருளில் ஒரு பங்கு, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. இந்த நிலையில் 300 பேரை ஏற்ற முடியாது. குறைவான ஆளை ஏற்றினால் ஒவ்வொருவரிடமும் அதிகம் வாங்கியாக வேண்டும்.

இதே வழியில் 2004-இல் ஏ340-500 விட்டார்கள். நான்கு இன்ஜின், எரிபொருள் குடிக்கும். ஒரு கட்டத்தில் மற்ற இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் 100 பிசினஸ் இருக்கைகளோடு ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் விலை தாங்கவில்லை, 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கினார்கள், அதுவும் முதலில் நியூயார்க்குக்குப் பக்கத்து நூவர்க் விமான நிலையத்துக்கு. ஜே.எஃப்.கே.க்கு 2020 நவம்பரிலிருந்து.

காலிமுகத்திடல்

கொழும்பில் இருந்து எழுதுகிறேன். நீண்ட பறப்பு பற்றிக் கதைக்கும்போது எங்கள் கொக்கலையை விட்டுவிட முடியாது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க, 1943-இல் இருந்து 1945 வரை பேர்த் நகருக்கும் இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரிக்கும் இடையில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் கடல் விமானம் ஓட்டியது. கேட்டலினா வகை, ஏரியில் இறங்கி ஏரியிலேயே எழும்பும். ஏறத்தாழ 5,600 கி.மீ. தூரம், இடையில் எங்கும் இறங்க முடியாது. எடுத்த நேரம் 27 மணியில் இருந்து 33 மணி வரை!

பகை விமானங்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் வானொலியைப் பாவிக்காமல், இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே வழி பிடித்தார்கள். எரிபொருளுக்கே எடை எல்லாம் போய்விட்டதால் பயணிகள் மூன்று பேர்தான். இரவுப்பணி சொன்ன அதே பிரச்சினை, 80 வருடத்துக்கு முன்பே. ஒரே பறப்பில் சூரிய உதயத்தை இரண்டு தரம் பார்ப்பார்கள் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று அதற்குப் பேர். பயணிகளுக்கு அதற்கென்று சான்றிதழும் கொடுத்தார்கள், தேக்காக்காரன் கவனிக்க.

இன்றைக்கு அதே பேர்த்தில் இருந்து 2018 முதல் குவாண்டாஸ் லண்டனுக்கே நிற்காமல் பறக்கிறது. 14,498 கி.மீ., ஏறத்தாழ 17 மணி.

தேக்காக்காரன்

33 மணி! இனி 18 மணியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

பம்பரம்

கிழக்கே பறந்து தேதிக்கோட்டைத் தாண்டினால் ஒரு நாள் பின்னால் போகும் அல்லவா? அப்போ உட்லண்ட்ஸ்வாசியின் அம்மா கிளம்புவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவாரா?

கணக்கு_வாத்தியார்

கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. சிங்கப்பூர் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால். நியூயார்க் கோடையில் 4 மணி பின்னால், குளிர்காலத்தில் 5 மணி பின்னால். வித்தியாசம் 12 அல்லது 13. எந்த வழியாகப் போனாலும் இது மாறாது. கிழக்கே போனால் தேதிக்கோடு வரை கடிகாரத்தை 4 மணி முன்னால் தள்ளி, கோட்டில் 24 மணி பின்னால் இழுத்து, அங்கிருந்து மறுபடி 8 மணி முன்னால் தள்ள வேண்டும். கூட்டிக் கழித்தால் 12 மணி பின்னால். மேற்கே போனால் 12 மணி அப்படியே பின்னால். விடை ஒன்றுதான்.

வெள்ளி இரவு 11:30-க்குச் சாங்கியில் கிளம்பினால், 18:50 கழித்து நம் கடிகாரத்தில் சனி மாலை 6:20. அங்கே சனி காலை 6:20. அவ்வளவுதான். ஆனால் நடுவில் அம்மா ஒரு குட்டிப் பகலைப் பார்ப்பார். ஜப்பானைத் தாண்டும்போது விடியும், ஐந்தாறு மணி நேரத்தில் அலாஸ்கா பக்கம் பொழுது சாய்ந்துவிடும், மறுபடி முழு இரவு. அதே சனிக்கிழமை நியூயார்க்கில் இன்னொரு விடியல். காலிமுகத்திடல் சொன்ன அதே இரட்டை உதயம்தான்.

குயின்ஸ்_அக்கா

வேலை முடிந்து வந்தேன். நேரடிதான் நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பிராங்ஃபர்ட் வழியே போனால் அம்மாவை அங்கே இறக்கிவிடுவார்கள். தூக்கக் கலக்கத்தில், தெரியாத ஊரில், மறுபடி பாதுகாப்புச் சோதனை, மறுபடி வரிசை. மொத்தம் 23, 24 மணி நேரம் ஆகிவிடும். இளையவர்களுக்குக் கால் நீட்ட ஒரு வாய்ப்பு, சரி. முழங்கால் வலியோடு தனியாக வரும் அம்மாவுக்கு அது ஒரு சோதனை. என் மாமியார் இரண்டு விதமாகவும் வந்திருக்கிறார். எது பரவாயில்லை என்று கேட்டால், "வழியில எறக்காம கொண்டுவந்து விடுறவன்தான் நல்லவன்" என்பார்.

டிக்கெட்டோடு வீல்சேர் கேட்டுவிடுங்கள், இரண்டு ஊரிலும். ஜே.எஃப்.கே. குடிநுழைவில் அது பெரிய உதவி. விமானத்தில் இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ, எந்த நேரத்துக்குப் போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இரவு, குட்டிப் பகல், மறுபடி இரவு என்று வரும்போது "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்ற கணக்கு குழம்பிவிடும்.

முக்கியமானதை யாரும் கேட்கவில்லையே. சிங்கப்பூர் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருந்தால் விசா இல்லாமல் இணைய அனுமதியோடு வரலாம், ஆனால் 90 நாள்தான். இங்கே இருந்துகொண்டு நீட்டிக்கவும் முடியாது. பேரப் பிள்ளையைப் பார்த்த பிறகு "இன்னும் ஒரு மாசம்" என்று நிச்சயம் சொல்வார்கள். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் இப்போதே விசா எடுத்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. சிங்கப்பூர் கடப்பிதழ்தான். ஜனவரி நடுவில் திரும்பி வருகிற மாதிரி போடுகிறேன், 90 நாளுக்குள் அடங்கும். நேரடி விமானம் என்றே முடிவு. பிரீமியம் காசை நானும் அண்ணனும் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறோம்.

தேதி மட்டும் ஒரு தரம் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஜனவரியில் ஞாயிறு இரவு 10:30-க்கு அங்கே கிளம்பினால் திங்கள் இரவு நான் சாங்கிக்குப் போய் நிற்க வேண்டுமா?

கணக்கு_வாத்தியார்

நின்றால் ஏமாந்து திரும்புவீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்துவிடுவார்கள், ஜனவரியில் வித்தியாசம் 13 மணி. ஞாயிறு இரவு 10:30, அதோடு 18:40 கூட்டினால் அவர்கள் நேரம் திங்கள் மாலை 5:10. நமக்குச் செவ்வாய் காலை 6:10. திங்கட்கிழமையில் பெரும்பகுதி வானத்திலேயே போய்விடும்.

உட்லண்ட்ஸ்வாசி

செவ்வாய் காலை. சரி சார். கடைசியாக ஒன்று: அம்மா ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்.

குயின்ஸ்_அக்கா

முழங்கால் வலியோடு பக்கத்து ஆளைத் தாண்டித் தாண்டி எழுந்து போவதா? நடைபாதை ஓரமாகப் போடுங்கள்.

இரவுப்பணி

இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். அந்த விமானத்தில் பிரீமியம் எகானமியின் கடைசி மூன்று வரிசையில், உடல் குறுகுவதால் ஜன்னல் ஓரம் ஒற்றை இருக்கை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் கிடையாது. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் நடைபாதை. மொத்தமே ஆறுதான், கூடுதல் கட்டணம் உண்டு, சீக்கிரம் போய்விடும்.

உட்லண்ட்ஸ்வாசி

போகிற விமானத்தில் ஒன்று காலி இருந்தது, இப்போதே போட்டுவிட்டேன். வருகிற விமானத்தில் எல்லாம் போய்விட்டது, அதற்கு நடைபாதைதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.